இடாப்பில் அப்பாவின் பெயர்

மே மாதம் வந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் வாக்குச்சாவடி வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று படம் போட ஆரம்பித்துவிடுகிறீர்கள். போடுங்கள், நான் குறை சொல்லவில்லை. நாய்களும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோர்டனில் நாங்கள் இருந்த தெருவும், நடைபாதையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்த செரிப் பூவிதழ்களும், முன்கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்ற நிலையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. உங்களுக்கும் முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது, எனக்கும் காதோரம் நரைத்துவிட்டது. இனியாவது சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தின் கறுப்புக் கோடு மோர்டனில் முடிந்துவிடும். அதற்கு மேல் போக வழியில்லாததால்தானோ என்னவோ இலங்கையில் இருந்து வந்த எங்கள் ஆட்கள் அங்கேயே இறங்கிக் குடியேறிவிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். முன்பக்கம் வெளியே துருத்திய ஜன்னல், உள்ளே வலைத் திரை. என் நினைவில் அந்தத் தெருவில் எப்போதும் மாலை ஆறு மணிதான். வெயில் மஞ்சளாகச் சரிந்து கிடக்கும், யாரோ வெங்காயம் தாளிப்பார்கள், யாருடைய வீட்டிலோ தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் தெருவுக்கு என்று ஒரு அரசியல் இருந்தது. பிள்ளைகளான எங்களுக்குக் கட்சிகள் நிறங்கள்தான். விசாக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் சிவப்பு. சிவப்புக் கட்சிக்காரர் உள்துறைக்குக் கடிதம் எழுதித் தருவார் என்று பேச்சு. கேஸ் முடிந்து, வீடு வாங்கி, கடையும் போட்டவர்கள் மெல்ல மெல்ல நீலத்துக்கு மாறுவார்கள். ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் பங்கில் பாடகர் குழுவை நடத்திய ஒரு மாமி மட்டும் மஞ்சள். பாப்பரசரின் கொடியில் மஞ்சள் இருக்கிறதாம், அதனால் அது நல்ல கட்சியாகத்தான் இருக்க வேண்டுமாம். பச்சையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஊரில் ஆண்ட பச்சைக் கட்சியிடம் பட்டது போதும் என்றார்கள். இங்கத்தைப் பச்சை மரம் நடுகிற பச்சை என்று எத்தனை சொன்னாலும் எடுபடாது.

எங்கள் வீடு மட்டும் எந்த நிறமும் இல்லை. அப்பாவுக்கு எந்தக் கட்சியோடும் பகை கிடையாது. அவருடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெயர் எந்த இடாப்பிலும் இருக்கக் கூடாது. வாக்காளர் பெயர்ப் பட்டியலை ஊரில் இடாப்பு என்பார்கள். அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கவுன்சிலில் இருந்து ஒரு படிவம் வரும். வீட்டில் வாக்களிக்கும் வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். சிட்டிசன் ஆகாவிட்டாலும், விசாவோடு இருக்கும் இலங்கைக்காரருக்கு இங்கே வாக்கு உண்டு. பலருக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தும் வேண்டாம். படிவத்தை நாலாகக் கிழித்து, குப்பை வாளியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் புதைப்பார். மேலே இன்னும் கொஞ்சம் தோல் போட்டு அமத்துவார்.

அந்த வருடம் படிவம் வந்தபோது அப்பா பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்டில் நின்றார். அம்மா அதை எடுத்து, மாவு வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சமையலறை மேசையில் விரித்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதுகிற கை என்னுடையதுதான். வைத்தியருக்கும் நான்தான், பள்ளிக்கூடத்துக்கும் நான்தான், கேஸ் மீட்டர்காரனுக்கும் நான்தான்.

"என்ர பேரை எழுது பிள்ளை. அப்பாட்டச் சொல்லாதை."

"உங்களுக்கு என்னத்துக்கம்மா?"

அம்மா சொன்னார். மன்னாரில், முதல் முதலாக வாக்கு வந்த வயதில், வெள்ளையில் பூப்போட்ட சேலை கட்டி, வெயிலில் நடந்து வாக்குச்சாவடிக்குப் போனாராம். வரிசையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன்ர வோட்டைப் போட்டாச்சு, வீட்டை போ பிள்ளை" என்றாராம். யாரோ கள்ள வாக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு சண்டை, இடம்பெயர்வு, கப்பல், விமானம். "ஒருக்கா எண்டாலும் நானே என்ர கையால புள்ளடி போட வேணும்," என்றார். வாக்குச் சீட்டில் போடுகிற பெருக்கல் குறியைத்தான் புள்ளடி என்றார்.

நான் அம்மாவின் பெயரை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில், விபரத்தை மறைத்தால் தண்டம் என்று போட்டிருந்தது. நல்ல பிள்ளை என்று வாரத்துக்கொரு ஸ்டிக்கர் வாங்கிப் பழகிய எனக்குக் கை கூசியது. அடுத்த வரியில் வட்டமான எழுத்தில் அப்பாவின் பெயரையும் எழுதிவிட்டேன். அம்மா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

பனிக்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது மறந்தே போய்விட்டது. சித்திரை மாதம் ஒரு பின்னேரம், முன்கதவில் கடிதம் போடுகிற தபால் வாய் "டப்" என்று மூடிய சத்தம் கேட்டது. அப்பாதான் போய் எடுத்தார். இரண்டு வெள்ளை வாக்காளர் அட்டைகள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து சொக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டாவது அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், பிறகு தூரப் பிடித்தார், மறுபடியும் கிட்டே கொண்டுபோனார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் அப்பா."

அடி விழும் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெட்டியில் திருப்புளியைத் தேடி எடுத்து, வெளியே போய், கதவில் இருந்த வீட்டு இலக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார். பித்தளை இலக்கம். ஒரு திருகாணி துருப்பிடித்து வர மறுத்தது. காற்றுக்கு செரிப் பூ உதிர்ந்து அவர் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. அவர் தட்டிவிடவில்லை. இடது வீட்டில் இருபத்தேழு, வலது வீட்டில் முப்பத்தொன்று என்று பளபளத்துக்கொண்டிருக்க, நடுவில் இருப்பது இருபத்தொன்பது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா என்ன? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அப்பாவுக்கு விசர் பிடிச்சிட்டுதே?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் வாயைப் பொத்தினார். "அப்பிடிச் சொல்லாதை." அதன் பிறகு மெல்லிய குரலில் சொன்னார். அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். அங்கே அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, முதலே பல வருடம் இருந்தவர். இரண்டு பேரும் ஒரே அறை. எண்பத்து மூன்று கலவரம் தொடங்கிய அன்று, தமிழரைத் தேடி வந்தவர்களின் கையில் இடாப்பு இருந்தது. வாசலில் நின்று ஒருவன் பெயரை வாசித்தான். அப்பா போய்ச் சேர்ந்து மூன்று மாதம்தான், அவர் பெயர் அதில் ஏறவில்லை. பெரியப்பாவின் பெயர் இருந்தது. அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் அம்மா சொன்னது. மிச்சத்தை நான் கேட்கவுமில்லை.

வேறு யாருமில்லை, நானே என் கையால், அதுவும் எழுத்து வடிவாக இருக்க வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்பாவின் பெயரை இடாப்பில் ஏற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஒரு கனவைப் போலத்தான் நினைவிருக்கின்றன. வீட்டில் சத்தமே இல்லை. அப்பா காலை ஷிப்ட் முடிந்து வந்து, பெற்றோல் வாசனை போகாத சட்டையோடு வலைத் திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெயில் திரையில் வடிந்து அவர் முகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளாக விழும். தெருவில் கார் கதவு அடித்தால் எழும்புவார், பிறகு இருப்பார். தபால் வாயால் நோட்டீஸ்கள் விழுந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகங்கள். அப்பா அவற்றைக் குப்பையில் போடவில்லை. முகம் கீழே இருக்கும்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைத்தார்.

அப்போதுதான் மலேசியா அன்ரி வந்தார். எங்கள் தெரு முனையில் இருந்தவர். கணக்கியல் படிக்க வந்து, நகரத்தில் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டவர். நீலக் கட்சிக்கு வேலை செய்தார். அவருடைய அட்டையில் எங்கள் தெருவின் அத்தனை வீடும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எழுத்து. தங்கள் கட்சிக்கு ஒன்று, மற்றக் கட்சிகளுக்கு ஒன்று, இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்கு நேரே மட்டும் வெறுமை.

கதவைத் தட்டினார். அப்பா கதவுக்குப் பின்னால் போய், சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால் வாய் திறந்தது. அன்ரியின் மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

"உள்ள ஆள் இருக்கீங்கன்னு தெரியும் லா. பாப்பா, நீதானே அது? அப்பா எந்தப் பக்கம் சாய்வாரு? சொல்லிடும்மா, நான் ஒரு எழுத்தப் போட்டுட்டுப் போயிடுறேன்."

அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அப்பா ஒரு பக்கமும் சாயமாட்டார் அன்ரி," என்றேன்.

அன்ரி சிரித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மரக்கறிக் கடையில் அம்மாவிடம், "உங்க ஆளுங்களுக்கு எலெக்‌ஷன்ல ஆர்வமே இல்ல, எப்படித்தான் இந்த நாட்டுல முன்னேறப்போறீங்களோ," என்று பெருமூச்சு விட்டார். அம்மா கத்தரிக்காயை அமத்திப் பார்த்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். அன்ரி கெட்டவர் இல்லை. இப்போது நினைத்தால் பாவமாகக்கூட இருக்கிறது. அத்தனை கதவைத் தட்டியும், கதவுக்குப் பின்னால் நிற்பது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கவுன்சில் வாக்களிப்பு வியாழக்கிழமை. எங்கள் பங்குக் கோயிலின் மண்டபம்தான் சாவடி. ஞாயிறு மறைக்கல்வி நடக்கிற அதே மண்டபம். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ போறதெண்டால் போ," என்றார் அப்பா. "நான் வரமாட்டன்."

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். தபால் பெட்டியடியில் திரும்பிப் பார்த்தால், இருபதடி தள்ளி அப்பா வந்துகொண்டிருந்தார், வேலைச் சட்டையோடு, கையை வீசாமல். அம்மா நின்றார்.

"உங்களைத் தனிய விட ஏலாது," என்றார் அப்பா.

மண்டப வாசலில் நீல றிபன் பூவைக் குத்திக்கொண்டு மலேசியா அன்ரி கதிரையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் வாக்காளர் இலக்கம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் கால் நின்றுவிட்டது. "வெளியாலயும் இடாப்பு எழுதுகினமோ?" என்று என் காதில் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே மேசையில் அரைக் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர். முன்னால் நீளப் பட்டியல், ஒரு மர அடிமட்டம், ஒரு பென்சில். அம்மா பெயரைச் சொன்னார். கிழவர் விரலால் தேடி, அடிமட்டத்தை வைத்து, அம்மாவின் பெயருக்கு மேலாக ஒரு கோடு இழுத்தார். அடுத்த வரியில் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பா அதைக் கண்டுவிட்டார். என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"ஏன் அம்மான்ர பேரை வெட்டுறார்?"

"அம்மா வந்திட்டா எண்டு அடையாளம் அப்பா. வந்த ஆக்களின்ர பேரை வெட்டுவினம்."

"வெட்டினால் அந்தப் பேர் இனி இடாப்பில இல்லையோ?"

இல்லை அப்பா, அது இன்றைக்கு மட்டும், என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளையின் முகம்.

"ஓம் அப்பா," என்றேன். "இனி இல்லை."

"அப்ப என்ர பேரையும் வெட்டச் சொல்லு."

கிழவரிடம் அப்பாவும் வாக்களிக்கிறார் என்று சொன்னேன். அடிமட்டம் ஒரு வரி கீழே இறங்கியது. பென்சில் கரகரவென்று போனது. அப்பா குனிந்து, அந்தக் கோடு கடைசி எழுத்துவரை போகிறதா என்று பார்த்தார். "இன்னும் ஒருக்கா வடிவா வெட்டச் சொல்லு," என்றார். நான் எப்படி அதை ஆங்கிலத்தில் சொன்னேன் என்று நினைவில்லை. கிழவர் கண்ணாடிக்கு மேலால் அப்பாவைப் பார்த்துவிட்டு, அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுத்தார்.

மறைப்புக்குள் நானும் அப்பாவோடு போனேன். கயிற்றில் கட்டிய கட்டைப் பென்சில். மூன்று பேருக்குத்தான் புள்ளடி போடலாம் என்று வாசித்துச் சொன்னேன். அப்பா பென்சிலை எடுத்தார். பிறகு மேலே இருந்து கீழ்வரை, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் போட்டார்.

"அப்பா, அது செல்லாது!"

"செல்லாட்டிப் பரவாயில்லை. ஒருத்தரும் கோவிக்கக் கூடாது."

அம்மா மற்ற மறைப்பில் நெடுநேரம் நின்றார். முந்தானையால் மறைத்தபடி வந்து, சீட்டைப் பெட்டியின் வாயில் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு விட்டார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. வெளியே வந்ததும் தன் சின்ன விரலைப் பார்த்தார். "மை பூச மாட்டினமோ?" என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் இலக்கத்தைத் திரும்பப் பூட்டினார். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கதிரையில் அயர்ந்து தூங்கிப்போனார். நானும் அம்மாவும் சத்தம் போடாமல் குசுகுசுத்தோம்.

அப்பா வாக்களித்த செய்தி ஞாயிறு பூசைக்கு முன்பே பரவிவிட்டது. எல்லாம் தன் வேலை என்றார் மலேசியா அன்ரி. சிவப்பு வீட்டுக்காரர்கள் அவர் தங்கள் ஆள் என்றார்கள். பாப்பரசர் கொடி மாமி அவருக்காகத் தான் செபம் பண்ணியதாகச் சொன்னார். அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். எல்லோருக்கும்தானே போட்டார், ஒருவர் சொன்னதிலும் பொய்யில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் படிவம் மறுபடியும் வந்தது. நல்ல காலம், என் கையில்தான் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். இந்த முறை வெறும் கட்டங்கள் இல்லை. அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் அச்சிலேயே வந்திருந்தன. மாற்றம் இருந்தால் மட்டும் வெட்டித் திருத்தவும் என்று இருந்தது.

அதைச் சமையலறை மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடப் பையில் இருந்து அடிமட்டத்தையும் நீலப் பேனாவையும் எடுத்தேன். அடியில் அந்தத் தடித்த எழுத்துத் தண்டம் அப்படியே இருந்தது. அப்பாவின் பெயருக்கு மேலே, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை, ஒரு கோடு இழுத்தேன். அடிமட்டம் வழுக்கியதால் கோடு ஒரு இடத்தில் நெளிந்துவிட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அப்பாவின் பெயர் அவருக்குத் தெரியும்.

"எங்க பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். விழுந்துவிட்டதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து மேயருக்கான வாக்களிப்பு வந்தது. அட்டை அம்மாவுக்கு மட்டும்தான் வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் வாறன்," என்றார். அதே மண்டபம், அதே அரைக் கண்ணாடிக் கிழவர். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் போனார். அப்பா மேசையடியில் நின்றார்.

"என்ர பேர் இருக்கோ எண்டு கேள்."

கேட்டேன். கிழவர் அடிமட்டத்தை ஒவ்வொரு வரியாக இறக்கினார். மறுபடி மேலே போய் இறக்கினார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். முகம் வாடிவிட்டது. மிகவும் வருந்துகிறேன் ஐயா, உங்கள் பெயர் இதில் இல்லை, எங்கோ பிழை நடந்திருக்கிறது, முறையிட ஒரு இலக்கம் தருகிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பாவின் முகத்தில் வந்ததை நான் என் கல்யாணத்திலும் காணவில்லை, என் பிள்ளைகளைக் கையில் தந்தபோதும் காணவில்லை. மேசைக்கு மேலால் இரண்டு கையையும் நீட்டி, கிழவரின் கையைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். "நோ சொறி, சேர். தாங்க்யூ. தாங்க்யூ வெரி மச்," என்றார். கிழவர் விளக்கம் வேண்டி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து, அம்மா வரும்வரை சுவரோரம் நின்றோம். அப்பா வீதியைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்வது போலும் இல்லாமல் சொன்னார்:

"அண்ணையின்ர பேரையும் ஆரும் இப்பிடி ஒருக்கா வெட்டி விட்டிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. வெட்டியது நான்தான் அப்பா என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கிழவரின் பென்சில்தான் தன்னை விடுவித்தது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிறு பூசையில் கண்டால் கதையுங்கள், கை குலுக்குங்கள். இந்தமுறை வோட்டுப் போடவில்லையா அங்கிள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.